அமலியைத் தேடிய மூன்று மணி நேரம்

பிராக் சதுக்கத்துப் பழைய கடிகாரம் பதினொன்று அடித்து முடிந்ததும் போனை இறக்கி இடது பக்கம் திரும்பி, பார்த்தியா ஏளா, என்றேன். என் மனைவி அமலி நின்ற இடத்தில் வேறு யாரோ ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். வலது பக்கம் பார்த்தேன். பின்னால் பார்த்தேன். கூட்டம் கலைய ஆரம்பித்துவிட்டது, கடிகாரத்தின் சின்ன ஜன்னல்கள் மூடிக்கொண்டன, குடை தூக்கிய வழிகாட்டிகள் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நாலா பக்கமும் பிரிந்தார்கள். எங்கே போயிருப்பாள், இங்கேதான் நிற்பாள், கூட்டம் வடியட்டும், வடிந்தால் ஓரமாக எங்காவது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பது தெரியும் என்று நின்றேன். கூட்டம் வடிந்தது. தெரியவில்லை. அப்போதுகூடப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதினொன்றேகாலுக்குக் கோபுரம் ஏறச் சீட்டு வாங்கியிருக்கிறேன், தாளில் அச்சடித்து வைத்திருக்கிறேன், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்கள் வந்து நிற்கும் இடத்தை, பெர்த்தை, ஒதுக்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான், ஒரு கப்பல் பத்து நிமிஷம் தாமதித்தால் பின்னால் எத்தனை கப்பல் நங்கூரத்தில் காத்துக் கிடக்கும் என்று தெரிந்தவன், இவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும் என்று முனகிக்கொண்டே இடுப்புப் பையை முன்னால் இழுத்தேன். இழுத்த கை அப்படியே நின்றது. இந்தப் பையில்தான் அவளுடைய பாஸ்போர்ட் இருக்கிறது. அவளுடைய பிரஷர் மாத்திரை இருக்கிறது. ஓட்டல் பெயர் அச்சடித்த அட்டை இருக்கிறது. இந்த ஊர்க் காசு முழுவதும் இருக்கிறது. அவளுடைய போன் ஓட்டல் அறையில் இருக்கிறது, ஏனென்றால் விமான நிலையத்தில் நான் ஒரே ஒரு சிம்தான் வாங்கினேன், நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சுத்தப்போறோம், ரெண்டு எதுக்கு என்றேன். அவள் சரி என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்பாள். ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை, பாஷை தெரியாத ஊரில், முதல் நாள், கைப்பையில் கைக்குட்டை தவிர ஒன்றுமில்லாமல் நிற்கிறாள். எங்கே என்று தெரியவில்லை.

கழிப்பறைக்குப் போயிருப்பாள். அதற்கும் காசு வேண்டும். அவளிடம் காசு இல்லை. சதுக்கத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலையைச் சுற்றி வந்தேன், குதிரை வண்டிகள் நிற்கும் இடத்தில் பார்த்தேன், சர்க்கரை தூவி ரொட்டி சுடுகிற கடை வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தெற்கே ஒரு சந்து போயிற்று, அதில் நுழைந்தேன், சந்து வளைந்து இன்னொரு சந்தில் விட்டது, அது ஒரு சந்தைத் தெருவில் விட்டது, தெரு நடுவே கூடாரம் கூடாரமாகப் பழக்கடை, பூக்கடை, மரப்பொம்மைக் கடை. கூட்டத்துக்குள் தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கொண்டை போட்ட தலை ஒன்றுமில்லை. திரும்ப சதுக்கம். காலையில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது, அதை விரட்டினேன், இப்போது அதுவா முக்கியம், முதலில் ஆளைக் கண்டுபிடி. வேளாங்கண்ணித் திருவிழாவில் ஒரு தடவை இப்படித்தான் ஆயிற்று, கல்யாணமான முதல் வருஷம், கொடியேற்றக் கூட்டத்தில் கை நழுவிவிட்டது, நான் அரை மணி நேரம் பைத்தியக்காரன் மாதிரி அலைந்தேன், திடீரென்று ஒலிபெருக்கியில், தூத்துக்குடி தஸ்நேவிஸ் அவர்களே, உங்கள் மனைவி இங்கே பத்திரமாக இருக்கிறார், பயப்பட வேண்டாம், என்று அறிவித்தார்கள். ஏதோ நான் தொலைந்துபோன மாதிரி. ஊர்க்காரர்கள் ஒரு மாசம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இந்த ஊரில் யார் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அவளும் எப்படிச் சொல்வாள். அவளுக்கு இங்கிலீஷில் தேங்க்யூவும் சாரியும்தான் தெரியும். காலையில் சொன்னது. சரி, சொன்னேன், சொல்லிவிட்டேன். ஓட்டலில் காப்பி குடிக்கும்போது, இன்னைக்கே கோயிலுக்குப் போயிரலாமா என்று கேட்டாள். கோயில் என்றால் குழந்தை யேசு கோயில், அதற்காகத்தான் இந்த ஊர், மற்றவர்கள் ரோமுக்கும் லூர்துக்கும் போகும்போது இவள் பிராக் பிராக் என்று இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதற்காகத்தான், வீட்டில் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் அந்தச் சுரூபத்தின் உண்மையான ஆள் இங்கேதான் இருக்கிறார். அது மூணாம் நாள், தாள்ல இருக்கு பார், என்றேன். முதல்ல நேர்ச்சையை முடிச்சிட்டா நிம்மதியா மத்ததப் பாக்கலாம்லா, என்றாள். அப்போது நான் சொன்னேன். குடுக்காத சாமிக்கு என்னளா நேர்ச்சை. சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினேன். அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். டிராமில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு, சரி, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மறுபடி சந்தைத் தெரு. இந்தத் தடவை ஓடினேன். வாய் தானாகத் திறந்து, அமலி, என்று கத்தினேன். அமலோற்பவம். அமலி. ஒரு பூக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், பைகளோடு போன கிழவர் ஒருவர் வழிவிட்டு நின்றார். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, ஏனென்றால் அவள் பெயரைச் சொல்லி நான் கூப்பிடுவதே இல்லை, ஏளா என்றாலே வந்துவிடுவாள், அதுவும் சொல்லாமல் தொண்டையைக் கனைத்தாலே அடுப்படியிலிருந்து வருவாள். வரவில்லை. பன்னிரண்டு ஆகப்போகிறது, கடிகாரத்தடிக்கு ஓடு, பன்னிரண்டு அடிப்பதைப் பார்க்க அவளும் வரலாம், தொலைத்த இடத்துக்கே வருவதுதானே புத்தி. கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். எனக்கு எதிரே நானூறு ஐந்நூறு முகங்கள், எல்லாம் அண்ணாந்தபடி, எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு, எல்லாக் கையிலும் போன், மேலே கடிகாரத்தில் இருக்கும் எலும்புக்கூட்டுப் பொம்மை மணியை இழுக்கிறது போல, நான் மட்டும் கீழே வரிசை வரிசையாக முகம் தேடிக்கொண்டிருந்தேன். மஞ்சள் முகம், சிவந்த முகம், கறுத்த முகம், சேலை கட்டிய ஒருத்தி தெரிந்து பாய்ந்தேன், அவள் குஜராத்திக்காரியோ என்னவோ, பயந்து தன் புருஷன் தோளைப் பிடித்தாள். சாரி என்றேன்.  அவளுக்கு மாத்திரை நேரம் தாண்டிவிட்டது, பிரஷர் ஏறினால் அவளுக்குக் கண் இருட்டும், போன தையில் மாதா கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், இங்கே உட்கார்ந்தால் யார் என்ன நினைப்பார்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாலும் பெயர் தெரியாதே, பெயர் என் பையில் இருக்கிறதே.

சதுக்கத்து மூலையில் ஒரு போலீஸ்காரப் பெண் நின்றாள், முப்பது வயது இருக்கும், நிதானமான முகம். என் இங்கிலீஷ் துறைமுக இங்கிலீஷ், கப்பல், நேரம், டன் கணக்கு, அவ்வளவுதான் வரும். மனைவியைக் காணோம் என்றேன். எவ்வளவு நேரமாக என்றாள். ஒன்றே கால் மணி நேரம் என்றேன். அவள் சின்னதாகச் சிரித்தது மாதிரி இருந்தது, கேலி இல்லை, இங்கே இதெல்லாம் சகஜம் என்கிற மாதிரி. பெயர் எழுதினாள், ஓட்டல் எழுதினாள், பாஸ்போர்ட்டைப் படம் எடுத்தாள். என்ன உடை என்றாள். சேலை என்றேன். என்ன நிறம் என்றாள். நான் வாயைத் திறந்தேன். நீலம் என்று சொல்ல வந்தேன். நீலம் நேற்று விமானத்தில். இன்றைக்கு. காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்று முந்தானைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள், நான் கட்டிலில் தாளை விரித்து டிராம் எண்களை வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். காப்பி குடிக்கும்போது எதிரேதான் இருந்தாள். டிராமில் பக்கத்தில்தான் இருந்தாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள், சாம்பல் நிறம், அது எனக்குத் தெரியும், அது நான் வாங்கிக் கொடுத்தது. சேலை. பச்சையா. போலீஸ்காரி பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தெரியலை, என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். அந்தப் பாஷையில் தெரியலை என்பதற்கு எத்தனை எழுத்தோ, எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அப்புறம் அவளேதான் கேட்டாள், இன்று எடுத்த படம் ஏதாவது போனில் இருக்கிறதா என்று. திறந்தேன். கோபுரம், கோபுரம், டிராம், கூரை, கோபுரம். காலையிலிருந்து நாற்பத்தொரு படம், ஒன்றில்கூட அவள் இல்லை. கடைசியில் கடிகார வீடியோ. அதன் தொடக்கத்தில் என் கை ஆடியிருக்கிறது, போனை நேராக்குவதற்குள் கூட்டத்தின் மேல் ஒரு வீச்சு வீசியிருக்கிறது, அதில் இரண்டு விநாடி அமலி. கடுகு நிறச் சேலை. பழுப்புக் கரை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை அவள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தி, பின்னால் இழுத்து, திரும்பத் திரும்பப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், கோபமா அலுப்பா தெரியவில்லை, பிறகு திரும்புகிறாள், ஒரு அடி எடுத்து வைக்கிறாள், படம் மேலே கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. அவளாகத்தான் போயிருக்கிறாள், என்றாள் போலீஸ்காரி. அது நல்லதுதான், யாரும் இழுத்துப் போகவில்லை. கண்டால் கூப்பிடுகிறோம் என்று என் எண்ணை வாங்கிக்கொண்டாள். நல்லதுதான் என்றாள்.  முப்பது வருஷத்தில் அவளாக எங்கே போயிருக்கிறாள். கோயிலுக்கும் மீன் கடைக்கும் தவிர.

கோயில். கோயிலுக்குத்தான் போயிருப்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று நேற்று விமானத்தில் நான்தான் வரைபடத்தில் காட்டினேன், பாலம் தாண்டி இடது பக்கம், டிராம் போகிற தெரு. கூட்டத்தை விலக்கி விலக்கி நடந்தேன், வழுக்குகிற உருண்டைக் கற்கள், கணுக்கால் இரண்டு தடவை மடங்கியது. பழைய கல்பாலம். இரண்டு பக்கமும் அர்ச்சிஷ்டவர்கள், புனிதர்கள் எல்லாம், சிலைகளாகக் கறுத்துப்போய் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் படம் வரைகிறவர்கள், வயலின் வாசிக்கிறவர்கள், ஊரே கல்யாண வீடு மாதிரி. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கிறது. இடுப்பு உயரம்தான். கீழே ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல் போகிறது. அந்தச் சுவரைப் பார்த்ததும் ஒரு நினைப்பு வந்தது, அதை நான் நினைக்கவில்லை, அதுவாக வந்தது, சீச்சீ என்றேன் சத்தமாக, அமலி அப்படிப்பட்டவள் இல்லை, ஆனால் அமலி எப்படிப்பட்டவள் என்று சேலை நிறம் தெரியாதவன் சொல்ல முடியுமா. குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். அன்னங்கள் மிதந்தன. கடுகு நிறத்தில் எதுவுமில்லை. ஒரு சிலையின் பீடத்தில் கையை ஊன்றினேன், நிமிர்ந்தால் பீடத்தில் பெயர் வெட்டியிருக்கிறது, எழுத்துக் கூட்டினால் சவேரியார். எங்கள் சவேரியார். எங்கள் கடற்கரை முழுவதையும் ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்தவர், என் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன் தலையில் தண்ணீர் ஊற்றியவர், இங்கே கல்லாக நிற்கிறார், அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்நிய தேசத்து ஆட்கள் கீழே குனிந்து நிற்கிறார்கள், அதில் ஒருவன் எங்கள் ஊர்க்காரன் ஜாடை. வேறொரு நாளாக இருந்தால் அமலியைக் கூப்பிட்டு, இங்க பாருளா யாருன்னு, என்று காட்டியிருப்பேன். அவள் செருப்பைக் கழற்றியிருப்பாள். இப்போது காட்ட ஆளில்லை. காட்ட ஆளில்லாமல் பார்த்தால் கல் கல்லாகத்தான் இருக்கிறது.

கோயிலுக்குள் குளிர்ச்சி, மெழுகு வாசனை. பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன். நாலைந்து பேர். ஒரு பிலிப்பைன்ஸ்காரக் குடும்பம். அமலி இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டின் பின்னால்கூடப் பார்த்தேன். இல்லை. வலது பக்கப் பீடத்தில், தங்கமும் பளிங்குமாக அத்தனை அலங்காரத்துக்கு நடுவே, கண்ணாடிக்குள், அவர். ஒரு முழம் இருப்பார். பச்சை உடுப்பு. தலைக்குப் பெரிதான கிரீடம். இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றியது. இருபத்தெட்டு வருஷம் இவருக்காகவா. முட்டுப் போட்டேன், ஜெபம் வரவில்லை, மதுரை வந்தது. மதுரையில் அந்த டாக்டரம்மா வீட்டு வராந்தா, மீன் தொட்டி, அதில் ஒரே ஒரு மீன் கண்ணாடியில் மூக்கை இடித்து இடித்துத் திரும்பும். ரிப்போர்ட்டை என் கையில்தான் கொடுத்தார்கள். குறை அவளிடம் இல்லை. பஸ்ஸில் வரும்போது அவளிடம் நீட்டினேன், படித்தாள், நாலாக மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் என் அம்மா நின்றாள், என்ன சொன்னாங்க என்றாள். எனக்குத்தான் அத்த, கர்ப்பப்பைல கோளாறாம், என்றாள் அமலி. நான் பக்கத்தில் நின்றேன். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். அதைத்தான் செய்தேன். என் அம்மா சாகும்வரை அவளை வாய்க்கு வந்தபடி பேசினாள், என் தங்கச்சிமார் தொட்டில் போடும் வீட்டுக்கு அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள், ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட நான் வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை, அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த வாயால்தான் இன்று காலை, குடுக்காத சாமி. வெண்ணெய் தடவிக்கொண்டே. கண்ணாடிக்குள் இருந்தவர் இரண்டு விரலை உயர்த்தியபடி என்னைப் பார்த்தார். அவளைக் கொடுத்துவிடும் என்றேன்.  எனக்குப் பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள், அப்போதுதான் தெரிந்தது என் முகம் நனைந்திருக்கிறது என்று.

திரும்பும் வழி ஞாபகமில்லை. பாலம், மணிக்கூண்டு, கண்ணாடிச் சாமான் கடைகள், எங்கோ தப்பாகத் திரும்பிவிட்டேன், சதுக்கம் வரவேண்டிய இடத்தில் மறுபடியும் அந்தச் சந்தைத் தெரு வந்தது. இந்தத் தடவை ஓடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.  ஓட்டலுக்குப் போவதா, தூதரகத்துக்குப் போன் பண்ணுவதா, ஊருக்குப் பேசி அவள் தம்பியிடம் என்ன சொல்வது, சேலை நிறம் கடுகு, சேலை நிறம் கடுகு என்று சொல்லிக்கொண்டே கூடாரங்களின் பின்பக்கமாக, ஆள் நடமாட்டமில்லாத ஓரமாக நடந்தேன். ஒரு பழக்கடைக்குப் பின்னால், அடுக்கிய மரப்பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே, மடக்கு நாற்காலியில் கடுகு நிறச் சேலை உட்கார்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை இன்னொரு காலின் மேல் போட்டு, மடியில் காகிதப் பொட்டலம். பக்கத்தில் பருத்த கடைக்காரம்மா ஒருத்தி செக் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே செர்ரிப் பழம் பொறுக்கினாள். அமலி தமிழில், ஆமாமா, அழுகினத எடுத்துப் போட்டாத்தான் மத்தது நிக்கும், என்று பதில் சொல்லிக்கொண்டு கூடப் பொறுக்கினாள்.

நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். உட்காரவில்லை, விழுந்தேன். அமலி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"மூணாவது தடவையா போறிய," என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னது?"

"மொதல்ல இந்தப் பக்கமா வந்திய. அப்புறம் ஓடினிய. எல்லாம் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"பார்த்துட்டா இருந்த? கூப்பிட வேண்டியதுதானே."

"கூப்பிட மனசு வரலை." பொட்டலத்தில் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்து, துடைத்து, என் கையில் வைத்தாள். "ரெண்டாந்தடவை நீங்க பேரைச் சொல்லிக் கத்தினியல்லா, அப்ப எந்திரிச்சேன். எந்திரிச்சு வாறதுக்குள்ள ஓடிட்டிய. பின்னால வந்தா நானும் வழி தவறிருவேன். இந்தம்மாதான் கையப் பிடிச்சு உட்கார வச்சுது."

கடைக்காரம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஏதோ திட்டினாள் என்று நினைக்கிறேன். பையைத் திறந்தேன், மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தேன். அமலி முழுங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலைல நான் சொன்னது..." என்றேன்.

"கேட்டுது."

"அத நான் சொல்லியிருக்கக் கூடாது. நான் சொல்லவே கூடாது அத. உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றாள். கொஞ்ச நேரம் பழத்தைப் பொறுக்கினாள். "நீங்க நினைக்கிறிய நான் பிள்ளை கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு. கேக்கறத விட்டு இருபது வருசமாச்சு. அவரும் சின்னப் பிள்ளைதானே, நான் தினமும் கேட்டுக்கிட்டே இருந்தா அவருக்கும் ஒரு மாதிரியாத்தானே இருந்திருக்கும். கோவம் ஒண்ணும் இல்லன்னு நேர்ல சொல்லிட்டுப் போகணும்னுதான்."

கூடாரத் துணி காற்றில் படபடத்தது. எங்கோ இரண்டு அடித்தது. நான் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது, மறைத்தால் இதுவும் ஒன்று கூடிவிடும்.

"நான் போயிட்டு வந்துட்டேன். கோயிலுக்கு. நீ அங்க இருப்பேன்னு."

அமலி கையை நிறுத்தினாள். எனக்கு முன்னால் அவள் பார்த்திருக்க வேண்டியதை நான் பார்த்துவிட்டேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டட்டும், அழுதாலும் அழட்டும்.

"பார்த்தியளா அவரை?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்காரு?"

என்னவெல்லாமோ சொல்ல வந்தது. தங்கம், பளிங்கு, கிரீடம், உயரம் இத்தனை. "சின்னதா இருக்காரு," என்றேன். 

 அமலி முந்தானை நுனியால் என் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள், சந்தையில் அத்தனை பேர் போய் வர. செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தாள், கடைக்காரம்மாவிடம், போயிட்டு வாறேன்க்கா, என்றாள். அந்தம்மா அதற்கும் ஏதோ சொன்னாள். நான் இடுப்புப் பையிலிருந்து அவளுடைய பாஸ்போர்ட்டையும் ஓட்டல் அட்டையையும் கொஞ்சம் காசையும் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்றாள்.

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "யாரையாவது கேப்போம்," என்றேன். அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.